பன்னிரண்டாம் கிணறு

“வாளியைக் கீழை வை, தங்கமுத்து!”

பாலேஸ்வரி போட்ட சத்தத்தில், முற்றத்தில் பந்தலுக்குக் கப்பு நட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்த குரல் அல்லவா. பக்கத்து வளவுத் தங்கமுத்து கயிற்றைப் பிடித்த கையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“தேத்தண்ணிக்கு ரீச்சர். சனம் வரத் தொடங்கீட்டுது.”

“அள்ளிப்போட்டியோ?”

“ஒரு வாளிதான்.”

“ஐயோ, என்ரை பிள்ளையாரே!”

பாலேஸ்வரி தலையில் கை வைத்துக்கொண்டு கிணற்றுக்கட்டில் சாய்ந்தாள். முதல்நாள் பின்னேரம் தமையன் செத்தபோதுகூட ரீச்சர் இப்படித் தலையில் கை வைக்கவில்லை என்று தங்கமுத்து பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். சொல்லட்டும், அதில் பொய் ஒன்றும் இல்லை.

தமையன் பொன்னம்பலம் விறாந்தையில் வெள்ளை வேட்டி போர்த்துக் கிடந்தார். தலைமாட்டில் குத்துவிளக்கு எரிந்தது. வயது அறுபத்திரண்டு. நேற்று விடியச் சைக்கிளில் போய் ஏழு கிணறு அளந்து கொப்பியில் எழுதிவிட்டு, மத்தியானம் வந்து இரண்டு பிடி சோறு தின்றுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் சரிந்தவர், “நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்யுது பிள்ளை” என்றார். அவள் சுடுதண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மனைவி எப்போதோ இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் அவரும் இவளும்தான். அளக்க மிச்சம் இருந்தது ஐந்து கிணறு. அதில் எட்டாவது இந்த வீட்டுக் கிணறு.

எதற்கு இந்த அளவு என்று கேட்பீர்கள். ஊரிலும் பத்து வருடமாகக் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் மாரிக்கு மட்டும் ஆறு, மற்ற மாதங்களில் மாடு மேய்கிற தறை. ஐப்பசி, கார்த்திகையில் குளங்களை நிரப்பிக்கொண்டு புரண்டு ஓடி, அராலிப் பக்கம் போய்க் கடலில் விழுந்துவிடும். பிறகு தை பிறந்து கொஞ்ச நாளில் கிணறு வற்றுகிறதே என்று எல்லாரும் வானத்தைப் பார்ப்பார்கள். அந்தத் தண்ணீரைக் கடல் வாயில் கதவு போட்டு மறித்தால் ஊர்க் கிணறுகளில் எவ்வளவு நிற்கும், கடல் உப்பு உள்ளே வராமல் தடுக்குமா? இதுதான் கேள்வி. எண்பத்து நான்காம் ஆண்டு நீர்ப்பாசனக் கந்தோரில் ஒரு எஞ்சினியர் பன்னிரண்டு கிணறு பொறுக்கி, மழைக்கு முன் ஒருதரம், மழைக்குப் பின் ஒருதரம் அளக்கச் சொல்லிப் பொன்னம்பலத்தை வேலைக்குப் போட்டார். பத்து வருடத்து அளவு இல்லாமல் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்றும் சொன்னார். பிறகு சண்டை வந்தது, எஞ்சினியர் வெளிநாடு போனார், ஜீப் போனது, கந்தோரையும் பூட்டியாயிற்று. பொன்னம்பலம் மட்டும் போகவில்லை. சைக்கிளும் கொப்பியும் ஐம்பது அடி இரும்பு நாடாவுமாக அவர் அளந்துகொண்டே இருந்தார்.

இது தொண்ணூற்று மூன்று, புரட்டாதிக் கடைசி. பத்தாவது வருடம். கமக்காரர் சங்கத்துத் தலைவர் தியாகராசா போன கிழமைதான் வந்து, “பத்தாவது அளவு வரட்டும் பொன்னம்பலண்ணை, அடுத்த நாளே கதவுக்குக் கூட்டம் வைப்பம்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மழை ஒன்று பெய்தால் போதும், கிணறு ஊறத் தொடங்கிவிடும், வருடத்தின் ஆகக் குறைந்த மட்டம் எது என்று பிறகு தலைகீழாக நின்றாலும் தெரியாது. பத்து வருடம் ஒன்பதாகிவிடும். வானமோ நேற்றிலிருந்து கிழக்கே கறுத்துக்கொண்டு நின்றது.

“ஒரு வாளியாலை கிணறு வத்திப்போமே ரீச்சர்?” தங்கமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“வத்தாது. கலங்கும். கிணறு உறங்கி எழும்பின மாதிரி இருக்கோணும், அப்பதான் அளவு சரி. இனி ஒரு மணித்தியாலம் ஒருத்தரும் கிட்ட வரப்படாது. தேத்தண்ணிக்கு உங்கடை கிணத்திலை அள்ளு, அது கணக்கிலை இல்லை.”

பாலேஸ்வரி கிணற்றுக்கட்டில் ஏறி இருந்துகொண்டாள். செத்தவீட்டில் அழவேண்டியவள் கிணற்றுக்குக் காவல் இருக்கிறாள் என்று பெண்கள் குசுகுசுத்தார்கள். அவளுக்கும் கேட்டது. கேட்காத மாதிரி இருப்பதற்குப் பள்ளிக்கூடத்தில் நல்ல பயிற்சி எடுத்திருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒன்று கவனித்தாள். சத்தம் இல்லை. வழக்கமாக இந்த நேரத்துக்கு நாலு பக்கமும் இறைப்பு மெசின்கள் மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டு இரைந்துகொண்டிருக்கும். பொன்னம்பலம் விடியமுன்னம் நாலு மணிக்கு எழும்பி ஓடுவதே அந்த மெசின்களுக்கு முந்தத்தான். இன்றைக்கு ஒன்றுகூட இல்லை. அயலில் செத்தவீடு என்றால் பிரேதம் எரிந்து முடியும்வரை ஒருவரும் இறைக்க மாட்டார்கள். ஊர் வழக்கம் அது, அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் இரண்டையும் சேர்த்து இப்போதுதான் யோசித்தாள். எல்லாக் கிணறும் நேற்றுப் பின்னேரத்திலிருந்து அசையாமல் கிடக்கின்றன. பத்து வருடத்தில் இப்படி ஒரு நாள் அண்ணைக்குக் கிடைக்கவில்லை. செத்துத்தான் கிடைத்திருக்கிறது.

“நாசமாய்ப் போக” என்றாள் வாய்விட்டு. ஆரை என்று அவளுக்கே தெரியவில்லை.

பிரேதத்தைக் குளிப்பாட்ட நேரம் வந்தது. தம்பி ஏரம்பு இரண்டு பேரோடு குடங்களை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தான். மூன்று பேரில் இளையவன் அவன். ஒன்றரை மைல் மேற்கே, கடல் பக்கத்துத் தறையில் வெங்காயமும் புகையிலையும் செய்பவன். கொள்ளி வைக்கப் போகிறவனும் அவன்தான், தலையை மழித்தாயிற்று.

“அக்கா, எழும்பு. அண்ணையைக் குளிப்பாட்டோணும்.”

“இன்னும் பத்து நிமிசம்.”

“உனக்கென்ன விசரே? கிரியை செய்யிற குருக்கள் வந்து நிக்கிறார். ஊர்ச்சனம் சிரிக்குது.”

“சிரிக்கட்டும். பத்து நிமிசம்.”

ஏரம்பு அங்கேயே நின்றான். அவள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்து நிமிடம் ஆனதும் இறங்கி, வெண்கட்டியை எடுத்து நாடாவின் நுனியிலிருந்து ஐந்தடிக்குத் தேய்த்தாள். பள்ளிக்கூடத்து வெண்கட்டி அது. பொருள் வராத காலத்தில் அண்ணன் அதைக் கேட்டு வாங்கும்போதெல்லாம், “பிள்ளையளுக்கு எழுதக் கிடையாது, கிணத்துக்கு எழுதப் போறியளோ?” என்று ஏசி ஏசித்தான் கொடுத்திருக்கிறாள். கிணற்றுக்கட்டில் போட்டிருந்த சிவப்புப் பெயின்ற் அடையாளத்தில் பிடித்து, இருபத்தைந்து அடி வரைக்கும் இறக்கி, இழுத்தாள். வெண்கட்டி நனைந்து கறுத்த இடம் மூன்றடி நாலு அங்குலம். கழித்தால் இருபத்தொரு அடி எட்டு அங்குலம். மூன்றுதரம் இறக்கினாள், மூன்றுதரமும் அதேதான். போன வருடத்தைவிட ஒன்பது அங்குலம் கீழே போயிருந்தது. அரைக்கால் அங்குலம் பிசகினால் சட்டைக் கை பிழைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கண்ணுக்கு அது ஒரு வேலையே இல்லை.

“இனி அள்ளுங்கோ” என்றாள்.

ஏரம்பு வாளியை எடுக்கவில்லை. “மிச்சத்தையும் அளக்கப் போறியோ?”

“பிரேதம் எடுத்தாப்பிறகு. பொம்பிளையள் சுடலைக்கு வாறேல்லைத்தானே. நீங்கள் திரும்பி வரமுன்னம் முடிச்சிடுவன்.”

“செத்தவீட்டுத் துடக்கோடை ஊர் சுத்தப் போறாய்?”

“ஓம்.”

அவன் குரலைத் தாழ்த்தினான். “எங்கையெண்டாலும் போ. என்ரை கிணத்தடிக்கு மட்டும் போகாதை.”

பன்னிரண்டாவது கிணறு அவனுடையது. இரண்டு வருடத்துக்கு முன் அண்ணனும் தம்பியும் அந்தக் கிணற்றடியில் நின்று சண்டை பிடித்தார்கள். “இப்பிடி ராப்பகலாய் மெசின் போட்டு உறிஞ்சினியெண்டால் கடல் வந்து ஏறும்” என்றார் அண்ணன். “உங்கடை கொப்பி எனக்குச் சோறு போடாது” என்றான் தம்பி. அதற்குப் பிறகு நாடாவோடு அந்தப் படலைக்குள் போக ஏரம்பு விடவில்லை. கொப்பியில் பன்னிரண்டாவது வரிசையில் இரண்டு வருடம் வெறுமையாகக் கிடந்தது. கடலுக்கு ஆகக் கிட்ட இருக்கிற கிணறு அதுதான். உப்பு எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று சொல்லக்கூடிய கிணறும் அது ஒன்றுதான்.

பாலேஸ்வரி நாடாவைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பிரேதம் எடுத்தார்கள். பாடை படலையைத் தாண்டும்போது அவள் குழறி அழுதாள். அப்படி அழுவாள் என்று அங்கே நின்ற எவரும் எதிர்பார்க்கவில்லை. “என்ரை அண்ணை, என்னை விட்டிட்டுப் போறியளே” என்று மண்ணில் விழுந்து அழுதவளைத் தங்கமுத்துதான் தூக்கி நிறுத்தினாள். பறைச்சத்தம் ஒழுங்கையால் போய்த் தேயும்வரை பாலேஸ்வரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கிணற்றடியில் போய் நாலு வாளி தலையில் ஊற்றினாள். சீலையை மாற்றிக்கொண்டு அண்ணனின் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள்.

“ரீச்சர், உது சரியில்லை” என்றாள் தங்கமுத்து.

“எனக்கும் தெரியும்.”

“ஈரத் தலையோடை போறியள். இந்தத் துவாயையாவது கொண்டு போங்கோ.”

அம்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை, ஈரக் கொண்டையோடு, ஆண்பிள்ளைச் சைக்கிளில். ஒழுங்கைகளில் ஆள் நடமாட்டமே இல்லை, ஆம்பிளைகள் எல்லாரும் சுடலையில். ஒன்பதாவது தியாகராசாவின் கிணறு, பத்தாவது பள்ளிக்கூடத்துக் கிணறு, இரண்டிலும் கேட்க ஆளில்லை. நாடாவை இறக்கி, இழுத்து, எழுதி, அடுத்ததுக்கு ஓடினாள். வடக்கே முழங்கியது. காங்கேசன்துறைப் பக்கத்து ஆமி அடிக்கிற செல்லோ, இடியோ? மூக்கை உயர்த்திப் பார்த்தாள். மண் வாசம் வந்தது. செல்லாக இருந்திருக்கக்கூடாதா என்று முதல்முறையாக நினைத்தாள், நினைத்ததற்காகத் தன்னைத்தானே ஏசிக்கொண்டாள்.

பதினோராவது பிள்ளையார் கோயில் கிணறு. பிரேதம் ஊரில் கிடக்கும்வரை நடை சாத்தியிருந்த ஐயர் இப்போதுதான் வந்து கதவைத் திறந்துகொண்டிருந்தார். பாலேஸ்வரி வீதிக்கு வெளியே, மதிலுக்கு அப்பால் நின்றாள்.

“ஐயா, நான் உள்ளுக்கு வரேலாது. அண்ணைக்காக நீங்கள் ஒருக்கா அளந்து சொல்லவேணும்.”

ஐயர் அவளையும் நாடாவையும் மாறி மாறிப் பார்த்தார். “துடக்குக்காரர் தொட்ட சாமான். அதையும் நான் எப்பிடித் தொடுறது? மதிலிலை வைச்சிட்டுத் தள்ளி நில்லும்.”

செம்பிலிருந்து தண்ணீர் தெளித்து நாடாவை எடுத்துக் கிணற்றில் விட்டார். நாடா முழுக்க நனைந்து வந்தது.

“ஐயோ ஐயா, தெளிச்ச ஈரமும் கிணத்து ஈரமும் ஒண்டாய்ப் போச்சு! முதல் துடையுங்கோ, பேந்து வெண்கட்டி பூசுங்கோ.” துவாயையும் வெண்கட்டியையும் மதிலுக்கு மேலால் எறிந்தாள். ஐயர் அதுக்கும் தண்ணீர் தெளிக்கக் கை எடுத்தார், அவள் முகத்தைப் பார்த்தார், செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

“பதினெட்டடி... ஒரு அங்குலம்” என்று கடைசியில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“இன்னும் ரண்டுதரம் ஐயா.”

“பொன்னம்பலத்தின்ரை தங்கச்சிதான் நீர்” என்றார் ஐயர். ஆனாலும் இரண்டுதரம் இறக்கினார்.

ஏரம்புவின் தறைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது வானம் தலைக்கு மேலே கறுத்துவிட்டிருந்தது. படலையைத் தள்ளிக்கொண்டு போனாள். போகாதே என்று சொன்னவனிடம் பிறகு பதில் சொல்லிக்கொள்ளலாம். வெங்காயப் பாத்தியைத் தாண்டும்போது நின்றாள். தாள் நுனி எல்லாம் கருகிப்போய் இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் சுரண்டி நாக்கில் வைத்தாள். துப்பினாள்.

“ரண்டு வருசமாச்சு” என்று பின்னால் குரல் கேட்டது.

ஏரம்பு படலையடியில் நின்றான். சுடலையிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறான். கொள்ளிக்குடத்துத் தண்ணீர் ஒழுகி ஒரு பக்கத் தோளும் வேட்டியும் நனைந்திருந்தன. மழித்த தலையோடு நின்றவன் வேறு யாரோ போல இருந்தான். அவன் கத்துவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் கத்தவில்லை.

“அவர் சொல்லி ஒரு மாதம்கூட ஆகேல்லை, தண்ணி உவராய்ப் போச்சு, அக்கா. குடிக்கக் கோயில் கிணத்திலைதான் அள்ளிக்கொண்டு வாறம்.”

“ஏன்ரா அண்ணைக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் எழுதிப்போடுவாரெல்லோ.”

பாலேஸ்வரிக்குக் கோபம் வந்தது. இரண்டு வருடமாக ஒவ்வொருமுறையும் அண்ணன் இந்தப் படலை வரைக்கும் சைக்கிளில் வந்து, இறங்காமல் திரும்பிப் போனது அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்து பன்னிரண்டுக்கு நேரே பேனையை வைத்து, எழுதாமல் மூடுவதையும் பார்த்திருக்கிறாள். அதையெல்லாம் சொல்லி அவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. அவன் கண் புகையில் சிவந்து கிடந்தது. கேட்கவில்லை.

“அந்த ரண்டு வருசமும் கொப்பியிலை வெறுமையாய்த்தான் கிடக்கோ?” என்று அவன் கேட்டான்.

“கிடக்கு.”

அவள் நாடாவைத் துடைத்து வெண்கட்டியை எடுத்தாள். விரல் நகத்தளவுதான் மிச்சம் இருந்தது. பாதியைத் தேய்க்கும்போது கையில் ஒரு துளி விழுந்தது, பிறகு தொட்டி விளிம்பில் ஒன்று, வெங்காயத் தாளில் ஒன்று.

“மழை பட்டால் வெண்கட்டி நனைஞ்சு போம்” என்றாள். “ஒண்டும் தெரியாது பேந்து. இவ்வளவு தூரம் வந்து...”

ஏரம்பு சுற்றிப் பார்த்தான். கிணற்றுக்குப் பக்கத்தில் இறைப்பு மெசினுக்குத் தென்னோலைக் கிடுகு வேய்ந்து ஒரு சின்னக் கொட்டில் போட்டிருந்தான். மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்களிலும் துடைத்துத் துடைத்து வைக்கிற மெசின். அவன் போய்க் கூரையில் கை வைத்து இழுத்தான். கட்டு அறுந்து இரண்டு கிடுகு ஒன்றாகக் கழன்று வந்தது. அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்து, கிணற்றுக்கட்டில் ஏறி, அவளுக்கும் நாடாவுக்கும் மேலே பிடித்தான்.

பதினைந்தடிக்கு இறக்கினாள். இழுத்தாள். நனைந்தது ஒரு அடி இரண்டு அங்குலம். “பதின்மூண்டு அடி பத்து” என்று சொல்லிக்கொண்டே கொப்பியை மடியில் விரித்து எழுதினாள். அதற்குப் பக்கத்தில் ‘உவர்’ என்று எழுத வேண்டும். பேனையை வைத்துக்கொண்டு தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். எழுதினாள்.

மழை பிடித்துக்கொண்டது. கூரை போன இடத்தால் தண்ணீர் மெசினில் விழுந்து வழிந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“அண்ணை எத்தினை தரம் இறக்குவார்?”

“மூண்டு தரம்.”

“அப்ப மூண்டு தரம் இறக்கு” என்று ஏரம்பு கிடுகை இன்னும் கொஞ்சம் அவள் பக்கமாகச் சரித்தான். கிடுகு நுனியால் வடிந்த தண்ணீர் அவன் மொட்டைத் தலையில் விழுந்துகொண்டிருந்தது. பாலேஸ்வரி நாடாவைத் துடைத்து, மிச்ச வெண்கட்டியைத் தேய்த்து, மறுபடியும் இறக்கினாள்.